ஐப்பசியில் பூக்கும் குச்சிகள்

செடி விற்பவனிடம் வருகிறவர்கள் யாரும் செடி வாங்க வருவதில்லை. பூ வாங்க வருகிறார்கள். ரோஜா, மல்லி விற்பவனுக்கு இதில் சங்கடம் இல்லை. பூவைக் காட்டுவான், செடியைக் கொடுப்பான். நான் விற்றது மழைக்காலத்தில் மட்டும் பூக்கிற குத்துச்செடிகளை. ஐப்பசி, கார்த்திகையை விட்டால் அவை வெறும் குச்சி. குச்சியைக் காட்டி, "இதில் பூ வரும்" என்று சத்தியம் செய்து விற்றுப் பார்த்திருக்கிறீர்களா? எந்தக் கடையாவது போட்டு உட்கார்ந்தவராக இருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை எழும்பிக்கொண்டிருந்த சமயம். அதுவரை பட்டணத்தில் ஒரு பங்களாவில் தோட்டக்காரனாக இருந்தேன். அந்த வீட்டு அம்மாளுக்கு மழைக்காலப் பூ என்றால் பைத்தியம். டிசம்பர் பூவில் ஊதா, வெள்ளை, ரோஸ், கோடு போட்டது எல்லாம் வைத்திருந்தார். உடம்பெல்லாம் முள்ளாக, மஞ்சள் பூ விடுகிற செம்முள்ளி. வெள்ளை நரம்பை நீட்டிக்கொண்டு நிற்கும் பூனைமீசை. காலையில் வெள்ளையாக விரிந்து சாயங்காலம் சிவந்து போகிற ஒரு செம்பருத்தி. பங்களாவை விற்கும்போது, "எது வேணுமோ எடுத்துக்கோ" என்றார். சமையல்காரன் நாற்காலி கேட்டான். நான் செடிகளைக் கேட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

நைனா வைத்த கெடு

ஊரில் எல்லோருக்கும் அவர் நைனா. நெல் விளைகிற பூமி நிறைய வைத்திருந்தார். பெரிய ரோட்டை ஒட்டி ஒரு மேட்டுத் துண்டு மட்டும் தண்ணீர் ஏறாமல் சும்மா கிடந்தது. அதைக் கேட்டுப் போனேன். செடிகள் கோணியில் சுற்றி வண்டியில் இருந்தன. நைனா ஒரு குச்சியை உருவிப் பார்த்தார். "இது இன்னா பூக்கும்?" என்றார். டிசம்பர் பூ என்றேன். "இப்ப இன்னா மாசம்?" என்றார். தை என்றேன். அவர் குச்சியை மறுபடி கோணியில் செருகினார். பல் குத்தக்கூட உதவாது என்று முகத்தில் எழுதியிருந்தது.

கன்று எடுக்கிற தாய்ச்செடி மண்ணில் இறங்கிவிட்டால் திரும்பப் பிடுங்க முடியாது, இரண்டாம் தரம் பிடுங்கினால் செத்துப் போகும், நடுவில் நிலத்தைக் கேட்டால் என் பிழைப்பே போய்விடும் என்று சொன்னேன். நான் அவ்வளவு பேசுவதே அபூர்வம். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "கார்த்திகை தீபத்தன்னிக்கு வந்து பாப்பேன். சனம் தேடிக்கினு வந்து வாங்குதுன்னா நீ இரு. காக்கா குந்திக்கினு இருந்துச்சுன்னா மறுநாளே வேர்க்கடலை போட்டுடுவேன். அப்பால பேஜாரு பண்ணக்கூடாது."

சித்திரையில் வந்த போர்மேன்

தண்ணீர் ஊற்றவும் தொட்டியில் மண் நிரப்பவும் முனியம்மா வந்தாள். நல்ல வேலைக்காரி. எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். சித்திரை வெயிலில் நானும் அவளும் செடிகளை ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தோம். வெட்டினால்தான் மழைக்குத் தழைக்கும். அப்போது ஒரு இரும்புக் கம்பெனி போர்மேன் வந்தார். கம்பெனி வாசலுக்குப் பூச்செடி வேண்டுமாம். சுற்றிப் பார்த்தார். தோட்டம் முழுக்கக் குச்சி. கீழே வெட்டிப் போட்ட குச்சி, மேலே வெட்டாத குச்சி.

"பூ எங்கே?" என்றார். ஐப்பசியில் வாங்க என்றேன். கோபித்துக்கொண்டார். முனியம்மா குறுக்கே வந்து, "புள்ள பொறக்கவே பத்து மாசம் ஆவுது சார், பூவு ஆறு மாசத்துல வருது, அதுக்குப் போயி கோச்சுக்கிறியே" என்றாள். அவர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்: "ஏங்க, துணிக்கடையில போயி வேட்டி கேட்டா, இப்பத்தான் பருத்தி வெதச்சிருக்கோம், தீபாவளிக்கு வாங்கன்னா சொல்லுவான்?"

லக்கேஜ்

அதற்கப்புறமும் சிலர் நம்பி வாங்கத்தான் செய்தார்கள். ஒரு வாத்தியார் இரண்டு தொட்டியோடு பஸ் ஏறினார். நான் கைகொடுத்து ஏற்றினேன். வாத்தியார் நேர்மையானவர். செடிக்கு லக்கேஜ் டிக்கெட் போடச் சொல்லித் தானே கேட்டார். கண்டக்டர் குனிந்து தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "குச்சிக்கெல்லாம் டிக்கெட் கெடையாது சார்," என்றார். "பூத்தப்புறம் ஏத்திக்கினு வா, அப்ப போடறேன்."

நைனா வருகிற நேரம்

ஆனி, ஆடியில் தொழிற்பேட்டையில் புதுப்புதுக் கட்டடமாக முளைத்தது. ஆட்கள் ஷிப்டு மாறுகிற நேரத்தில் வந்து எட்டிப் பார்ப்பார்கள். காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். நைனாவோ மதியம் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, காலாற நடந்து வருவார். அந்த நேரத்தில் ரோட்டில் நாய்கூட நடக்காது. அவர் வருகிற போதெல்லாம் நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். காலையில் ஆள் வந்தது என்று சொல்லலாம். சொன்னால் நம்புகிற முகமா அது?

ஒருநாள் முனியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நைனா தூரத்தில் வருவதைப் பார்த்துவிட்டு, ரோட்டில் போன பெட்டிக்கடைக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து செடி பார்ப்பதுபோல் நிற்க வைத்தாள். அவரும் நின்றார். நைனா வந்தார், அவரைப் பார்த்தார், வந்த வழியே திரும்பினார். போகிறபோக்கில் சொன்னார்: "இவன் எனக்கே ஆறு மாசமா கட வாடக பாக்கி தரணும், இவன் எங்கேந்து செடி வாங்குவான்?"

செடிக்கும் விடுமுறை

ஆயுத பூஜை வந்தது. பூனைமீசை முதலில் பூத்துவிட்டது. ஒரு லேத் பட்டறையில் பூஜைக்கு அலங்காரமாகப் பத்துத் தொட்டி கேட்டார்கள். தண்ணீர் ஊற்ற என் பூவாளியையும் சேர்த்துக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் எடுக்கப் போனால், இயந்திரமெல்லாம் விபூதியும் சந்தனமுமாகப் பளபளக்கிறது. என் செடி தலை தொங்கிக் கிடக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. பூவாளி எங்கே என்றேன். பூசையில இருக்குதுங்க என்றார்கள். பார்த்தால் சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், சுத்தியல், அரம், பக்கத்தில் என் பூவாளி. அதற்கும் குங்குமம். சரி, பக்கெட் கொடு என்றேன். அதுவும் பூசையில் இருந்தது. பூசையில் வைத்ததை மறுபூஜை செய்துதான் எடுக்க வேண்டும். பூசாரி சாயங்காலம்தான் வருவாராம்.

டீக்கடைக்குப் போய்க் கிளாஸ் கேட்டு வாங்கி வந்தேன். ஒவ்வொரு கிளாஸாக ஊற்றப் போனேன். அங்கே வயதில் மூத்த ஒரு டர்னர், நெற்றி நிறையப் பட்டையோடு, ஓடிவந்து என் கையைப் பிடித்தார். தொட்டியைக் காட்டினார். ஒவ்வொரு தொட்டியிலும் பொட்டு வைத்திருந்தது. "செடியும் பூசையில உக்காந்துக்கினு கீது சாமி," என்றார். "எங்களுக்கு லீவு உட்டாங்கல்ல, அதுக்கும் இன்னிக்கு லீவு. தண்ணி குடிக்கிற வேலைய நாளைக்குச் செய்யும்."

மூக்குள்ள மாமியார்

டிசம்பர் பூவுக்கு வாசனை கிடையாது. இதை நானே முதலில் சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் பிறகு வந்து சண்டை போடுவார்கள். கடம்பத்தூரிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வேலைக்கு வருகிற ஒரு பிட்டர். கல்யாணம் ஆகி ஆறு மாதம். தீபாவளிக்கு முன்னால், மொட்டு வைத்த ஊதாச் செடி ஒன்று வாங்கிப் போனான். வாசனை இல்லை என்று இரண்டு தரம் சொல்லித்தான் கொடுத்தேன். அடுத்த வாரமே திரும்பி வந்து நின்றான். சரி, சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நானும் எழுந்து நின்றேன்.

இன்னும் இரண்டு செடி வேண்டும் என்றான். வீட்டில் ஒரே அறை. மருமகள் மல்லிகை வைத்தால், "தெனம் தெனம் கல்யாணமா உனக்கு?" என்று அம்மா ஆரம்பித்துவிடுவாராம். அந்தப் பெண்ணுக்கோ தலையில் பூ இல்லாமல் இருக்க முடியாது. முனியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். "அம்மாவுக்குக் கண்ணு மங்கல், மூக்கு கூர்மை," என்றான். "எங்க ஊட்டுக்குன்னே பூத்த பூ சார் இது. வெள்ளையில ஒண்ணு, ரோஸ்ல ஒண்ணு குடுங்க."

சிவந்த செம்பருத்தி

நடுவில் எனக்கு ஒரு நல்ல காலம் வந்தது. ஒரு ரசாயனக் கம்பெனி ஆடியில் மொத்தமாக எடுத்து, வாசலிலிருந்து ஆபீஸ் வரை நட்டது. நிறம் மாறுகிற செம்பருத்திதான். ஐப்பசியில் ஒரு காலை எல்லாம் சேர்ந்து பூத்தது. கைக்குட்டை உலர்த்தினது மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்ததாம். மானேஜர் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாராம். மதியம் சாப்பிட வெளியே வந்தால் எல்லாம் ரோஸ். மூன்று மணிக்கு இன்னும் சிவப்பு. லேபில் வேலை பார்க்கிறவர் ஒருவர், நீலத் தாள் அமிலம் பட்டால் சிவப்பாகும், பூவும் அப்படித்தான் என்று எவனிடமோ சொல்லிவிட்டார். அவ்வளவுதான். கேஸ் கசிகிறது என்று கம்பெனி முழுக்கப் பரவி, சாயங்கால ஷிப்டு வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர்கள் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.

என்னைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போனார்கள். அந்தப் பூவின் குணமே அப்படி என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. பூவுக்குக் குணமா, நிறம் மாறப் பச்சோந்தியா அது என்றான் ஒருவன். எல்லாச் செடியையும் இன்றைக்கே பிடுங்கு என்றார் மானேஜர். பிடுங்கினால் ஊரெல்லாம் என்ன பேசும்? தீபத்துக்கு நைனா வருவார், காக்காதான் உட்கார்ந்திருக்கும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் தோட்டத்துக்கு வந்து பாருங்கள், அங்கேயும் இதே செடி, இதே சிவப்பு என்று கத்தினேன். ஒரு கூட்டமே பின்னால் நடந்து வந்தது. என் தோட்டத்துச் செம்பருத்தியும் ஜம்மென்று சிவந்து நின்றது. இப்போது என்ன சொல்கிறீர்கள் என்றேன். எல்லோரும் குனிந்து பூவைப் பார்த்தார்கள். வாட்ச்மேன் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். "ஐயய்யோ, இங்கயும் கேஸ் அடிக்குதா?"

மறுநாள் காலையில் மானேஜரே வெள்ளைப் பூ ஒன்றைப் பறித்து, தன் அறையில் மேஜைமேல் வைத்துக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாராம். சாயங்காலம் திறந்தால் சிவப்பு. செடி பிழைத்தது. அதற்கப்புறம் எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் தகராறு இல்லை, பூ எப்போது வெள்ளையாகும் என்று ராத்திரி ஷிப்டு ஆட்கள் கேட்டதைத் தவிர. அது வெள்ளையாகாது, உதிரும் என்றேன். "எங்க ஷிப்டுக்கு மட்டும் உதிர்ற பூவா வெச்சியே, நல்ல மனுஷன்யா நீ," என்றான் ஒருவன்.

பழவேற்காட்டுப் பூங்காவனம்

பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து பூங்காவனம் என்ற மீன்கார அம்மாள் கூடையோடு வருவாள். கருவாடு காயப் போடுகிற இடத்தில் நாய்த் தொல்லை. வேலிக்கு முள் வேண்டும் என்றாள். செம்முள்ளியைக் கொடுத்தேன். அவ்வளவு நெருக்கமான முள், பாம்புகூட யோசித்துத்தான் நுழையும். ஐப்பசி கடைசியில் மறுபடி வந்தாள். முகம் சரியில்லை. செடி செத்துவிட்டதா என்றேன். நன்றாக வளர்ந்து மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளுகிறது என்றாள். நாய் வருகிறதா? வரவில்லையாம். பிறகு எதற்கு இந்த முகம்?

கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "நாயி ஓடிப்பூட்ச்சுண்ணா. இப்ப பூப் பறிக்கிறோம்னு பொம்பளைங்க வராளுங்க. நாயி வந்தா ஒரு கருவாடுதான் தூக்கும், இவளுங்க மடி நெறைய தூக்கிக்கினு போறாளுங்க. பூ உடாத முள்ளா ஒண்ணு இருந்தா குடு."

தீபத்தன்று

கார்த்திகை பிறந்ததிலிருந்து மழை. விட்டு விட்டுப் பெய்தது, பிறகு விடாமல் பெய்தது. என் செடிகளுக்கு அதுதான் வேண்டும். டிசம்பர் பூ நான்கு நிறத்திலும் இலை தெரியாமல் பூத்தது. செம்முள்ளி மஞ்சள் பிடித்து எரிந்தது. நான் இதற்காகத்தான் தையிலிருந்து குச்சியோடு குடித்தனம் நடத்தினேன். ஆனால் பார்க்க யாரும் இல்லை. மழையில் எவன் செடி வாங்க வருவான்? ஷிப்டு விட்டதும் குடையைப் பிடித்துக்கொண்டு நேராக வீட்டுக்கு ஓடினார்கள். தீபத்தன்று காலையில் முனியம்மா தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வேர்க்கடலைய நட்டா கொத்தறதுக்கு ஆளு வேணும், நைனாகிட்ட இப்பவே சொல்லி வெக்கட்டா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் போய்த் தொட்டிகளை வரிசையாக அடுக்கினேன். வேறு என்ன செய்வது?

மதியம் மழை நின்றது. ஆனால் வடக்கே ஆற்றுத் தண்ணீர் ரோட்டின்மேல் ஏறிவிட்டது. பஸ் வந்தது, நின்றது. பின்னால் லாரி நின்றது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு பஸ். என் தோட்டத்தின் நீளம் முழுக்க வண்டிதான். பண்டிகைக்கு ஊர் போகிற ஆட்கள், கையில் அகல் விளக்குப் பொட்டலத்தோடு. முதலில் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ஒரு பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, சேற்றில் இறங்கினாள். "இது இன்னா பூவு?" என்றாள். பிறகு அவள் அக்காள் இறங்கினாள். பிறகு எல்லோரும். லாரி டிரைவர் ஒருவர் சாமி படத்துக்கென்று பறிக்கப் போனார். "பறிக்காதண்ணா, தொட்டியோட வாங்கிக்கினு போ, தெனம் பறிச்சுக்கலாம்" என்று முனியம்மா அதட்டினாள். அவர் தொட்டியைத் தூக்கி வண்டியில் ஸ்டியரிங் பக்கத்தில் வைத்தார். சித்திரையில் கோபித்துக்கொண்டு போன போர்மேனும் ஒரு பஸ்ஸில் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இதுவா அந்தக் குச்சி?" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார். கண்டக்டர் விசில் ஊதி ஊதி ஓய்ந்துபோய், தானும் இறங்கி ஒரு வெள்ளைச் செடி வாங்கினார்.

அப்போதுதான் நைனா வந்தார். வெற்றிலை, குடை, எல்லாம். கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். முனியம்மா ஓடிப்போய், "பாத்தியா நைனா, சனம் எப்பிடித் தேடிக்கினு வந்துக்கீதுன்னு!" என்றாள். எனக்குப் பொய் சொல்ல வராது. ரோட்டில் தண்ணீர் போகிறது, பஸ் போக வழியில்லை, அதனால்தான் இந்தக் கூட்டம், யாரும் தேடி வரவில்லை என்று சொல்லிவிட்டேன். முனியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நைனா பஸ்ஸைப் பார்த்தார். முழங்கால் வரை சேறு அப்பிக்கொண்டு, தொட்டியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிற பெண்களைப் பார்த்தார். வெற்றிலையை ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"எனக்குத் தெரியாதாய்யா பஸ்ஸு நின்னுட்ச்சின்னு? நின்ன பஸ்ஸுல சனம் உக்காந்துக்கினு டிரைவரத் திட்டும். சேத்துல எறங்கி வராது. எறங்கி வந்துக்கீது பாரு. நீ இரு. எங்கூட்டுக்காரிக்கு அந்தக் கோடு போட்டதுல ஒண்ணு எடுத்து வையி."

செடி வளர மண் வேண்டும், தண்ணீர் வேண்டும், எரு வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். விற்க ரோட்டின்மேல் முழங்கால் அளவு வெள்ளம் வேண்டும் என்று மட்டும் ஒருத்தனும் சொன்னதில்லை.